குறையாத பிரேக் ஆயில்

“எங்க வூட்டுக்காரரு தூங்கலீங்க சார்.”

உள்ளே வந்து உட்காரும் முன்பே அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை இதுதான். யார், எந்த ஊர், என்ன விஷயம் என்பதெல்லாம் அப்புறம். கிருஷ்ணப்பன் பேனாவை மூடி வைத்துவிட்டு, எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார்.

தர்மபுரி கடைவீதிக்குப் பின்னால், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் தடதடப்புக்குப் பக்கத்து அறைதான் கிருஷ்ணப்பனின் ஆபீஸ். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர் அவர். அதிர்ந்து பேசமாட்டார். ஒரு நட்டைக் கையில் கொடுத்தால்கூடப் பெண் பார்க்க வந்தவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

இன்ஸ்டிட்யூட் சொந்தக்காரர் பச்சியப்பன் நேர் எதிர். கிருஷ்ணப்பனின் படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் போதும், பிள்ளைகளை முதல் பாடத்தையே மறுபடி அடிக்கச் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். குற்றவாளி யார் என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே சொல்லிவிடுவார். சொன்னது ஒருநாளும் பலித்ததில்லை. அதற்காக மனுஷன் சளைத்ததும் இல்லை.

அன்றைக்கும் ஆஜராகிவிட்டார். எண்பத்தேழாம் வருஷம், ஆனி மாதத்து வியாழக்கிழமை அது.

“யாரும்மா தூங்கல?” என்றார் கிருஷ்ணப்பன்.

“அருள்சாமிங்க. மாரண்டஹள்ளி தக்காளி மண்டி ராஜாமணி மொதலாளிகிட்ட கார் ஓட்டறாரு. எம் பேரு புஷ்பமேரி.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சேலத்துக்குப் போறப்ப தொப்பூர் எறக்கத்துல பிரேக்கு புடிக்கலீங்க. முன்னால லாரி, வலப்பக்கம் பள்ளம். இவரு இடப்பக்கத்து மண்மேட்டுல வுட்டு முட்டி நிறுத்திட்டாரு. மொதலாளிக்குக் காலு ஒடைஞ்சு போச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல, மாதா புண்ணியம். ஆனா மறுநாளு பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து மிதிச்சுப் பார்த்தா, பிரேக்கு நல்லா நிக்குதாம். அப்ப டிரைவர் தூங்கிட்டான், தூங்கிட்டுப் பொய் சொல்றான்னு எல்லாரும் சொல்றாங்க. மொதலாளியும் போலீசுல அப்புடியே சொல்லிட்டாரு. திங்கக்கெழம கோர்ட்டுங்க. லைசென்ஸே போயிருமாம்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“மொத ரெண்டு நாளு கத்துனாரு. இப்ப ஒண்ணுமே சொல்றதில்லீங்க. இனி ஜென்மத்துக்கும் ஸ்டீயரிங் தொடமாட்டேன்னு மூலையில உக்காந்திருக்காரு. சோறு எறங்க மாட்டேங்குது. லைசென்ஸ் போனா கூலிக்குப் போயி பொழைச்சுக்கலாங்க. மனுஷன் போயிருவாரு போலிருக்கே, அதுதான் என்னால பாக்க முடியல.”

கிருஷ்ணப்பன் மேஜை மேலிருந்த ஒரு கவரைத் தட்டினார். “அந்தக் காரைப் பார்த்துச் சொல்லச் சொல்லி கம்பெனியிலேர்ந்தும் வந்திருக்கு. நான் எப்படியும் வர வேண்டியவன்தான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்மா. நான் பார்த்து எது உண்மையோ அதைத்தான் எழுதுவேன். அவர் தூங்கினதா தெரிஞ்சா அதையும் எழுதிடுவேன்.”

“உண்மையை எழுதுங்க சார், போதும்,” என்றாள் புஷ்பமேரி.

கீழே இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவள் “ஒரு நிமிஷம் இருங்க” என்று தடுத்தாள். பையிலிருந்து ஒரு பழைய டானிக் பாட்டிலை எடுத்தாள். மூடி லூசு போலிருக்கிறது, ஒழுகாமலிருக்க மெழுகுவர்த்தியை உருக்கி வாயைச் சுற்றி அடைத்திருந்தாள். நகத்தால் மெழுகைச் சுரண்டி, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் தெளித்தாள். விரலால் சிலுவை அடையாளம் போட்டாள். “ஈஸ்டர் ராத்திரி கோயில்ல மந்திரிச்ச தீர்த்தமுங்க. பத்திரமா போயிட்டு வாங்க.”

பின்சீட்டிலிருந்த பச்சியப்பன், எந்தச் சாமியானால் என்ன என்று தலையைக் குனிந்து தனக்கும் ஒரு துளி வாங்கிக்கொண்டார்.

மாரண்டஹள்ளி மண்டியில் நடக்க இடமில்லை. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, மாவுக்கட்டுப் போட்ட இடது காலை ஒரு மரப்பெட்டிமேல் நீட்டிக்கொண்டு, ராஜாமணி ஏலம் நடத்திக்கொண்டிருந்தார். கால் ஒடிந்ததே ஒழியக் குரலுக்கு ஒரு குறைவும் இல்லை.

“தூங்கிட்டான் சார், வேற என்ன?” என்றார். “பிரேக்கு நல்லாருக்குன்னு இன்ஸ்பெக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. பிரேக்கு இருந்தும் வண்டி நிக்கலைன்னா என்ன அர்த்தம்? மிதிக்கலைன்னு அர்த்தம். ‘அய்யா, கண்ணு சொக்கிருச்சு’ன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா நான் கேசே குடுத்திருக்கமாட்டேன். தம்பி மாதிரி வெச்சிருந்தேன். மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றானே, அதுதான் சார் எனக்குத் தாங்கல.”

“நீங்க முன்சீட்டுலதானே இருந்தீங்க? என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க.”

“எறக்கம் ஆரம்பிக்கறப்ப ஓடு ஏத்துன லாரி ஒண்ணு முன்னால ஊர்ந்துட்டிருந்துச்சு. அப்புறம் பக்கத்துல கீழ டப்பு டப்பு டப்புன்னு ஒரு சத்தம். கல்லு தெறிச்சிருக்கும். என்னடான்னு நிமிர்றதுக்குள்ள வண்டி மண்மேட்டுல நிக்குது.”

பச்சியப்பன் குனிந்து ரகசியமாகக் கேட்டார். “ஐயாவுக்கு மண்டியில எதிரிங்க யாராச்சும்?”

“எதிரியா? தக்காளி வெல எறங்குச்சுன்னா விவசாயிங்க அத்தன பேரும் எதிரிதான். அதுக்காக எவனும் பிரேக்கைப் புடுங்கமாட்டான்,” என்று ராஜாமணி சிரித்தார்.

“வண்டியோட பானட்டை நீங்க திறக்கறதுண்டா?” என்றார் கிருஷ்ணப்பன்.

“எனக்கு அதைத் தெறக்கவே தெரியாது சார். வண்டிகூட என் வூட்டுல நிக்கறதில்ல. விடிகாலையில எங்க தெரு முச்சூடும் தக்காளி வண்டிங்க அடைச்சுக்கும், காரை வெளிய எடுக்க முடியாது. அருளு வூட்டு முன்னாலதான் நிறுத்தச் சொல்லியிருந்தேன்.”

அருள்சாமியின் வீடு ஊர்க்கோடியில் இருந்தது. முன்னால் கார் நின்ற இடம் மட்டும் புல் முளைக்காமல் மொட்டையாகக் கிடந்தது. அவன் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நல்ல ஆஜானுபாகுவான ஆள். கேட்டதற்கு மட்டும் மெதுவாகப் பதில் சொன்னான்.

“லாரி பின்னால எறக்கம் பூரா பிரேக்குல கால் வெச்சபடியேதான் வந்தனுங்க. ஓவர்டேக் பண்ண வழியில்ல. பாதி எறக்கத்துல பெடல் பொத்துன்னு உள்ள போயிருச்சு. பஞ்சுல மிதிச்ச மாதிரி. திரும்பத் திரும்ப மிதிச்சேன். புடிக்கல. அப்புடித்தான் ஞாபகம் இருக்குங்க.”

“ஞாபகம் இருக்குன்னா?”

அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “எல்லாரும் தூங்கிட்டேன்னு சொல்றாங்க. இன்ஸ்பெக்டர் மிதிச்சப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. ஒருவேளை நான் நெசமாவே தூங்கி, தூக்கத்துல பிரேக்கு புடிக்காத மாதிரி கனாக் கண்டேனோ என்னவோங்க. எனக்கே இப்ப சரியாத் தெரியல.”

பஸ்ஸில் வந்து சேர்ந்து கதவோரம் நின்றிருந்த புஷ்பமேரி உள்ளே போய்விட்டாள்.

“வண்டியை எப்படிப் பார்த்துக்குவீங்க?” என்று கிருஷ்ணப்பன் பேச்சை மாற்றினார்.

முதல் தடவையாக அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. “தெனமும் காலையில பானட்டைத் தூக்கி வெச்சு எல்லாம் பாப்பனுங்க. அப்புறம் குளிச்சு சட்டை மாத்த உள்ள வருவேன். அதுவரைக்கும் புஷ்பம் வண்டிகிட்ட நிக்கும், தெருப் பசங்க கை வெச்சிருவாங்கன்னு. ஒண்ணரை வருஷமாச்சு, பிரேக் ஆயில் ஒரு தடவகூட ஊத்துனதில்லீங்க. கொறைஞ்சாத்தானே ஊத்தறது? எப்பப் பாத்தாலும் பாட்டில் நெறைஞ்சிருக்கும்.”

கிருஷ்ணப்பன் தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் பச்சியப்பன் குதித்தார். “பாத்தீங்களா! ஆயில் குறையவே இல்ல. அப்ப எங்கயும் ஒழுகல. பிரேக் நல்லா இருந்திருக்கு. பாவம், இவன் தூங்கித்தான் இருக்கான்.”

“ஆயில் குறையலைங்கறதுதான்யா எனக்கு இடிக்குது,” என்றார் கிருஷ்ணப்பன்.

கார் மெக்கானிக் மாதுவின் பட்டறையில் நின்றது. டில்லிப் பக்கம் செய்து வந்த புது ரகச் சின்னக் கார். இடது மூக்கு நசுங்கி, பானட் ஒருக்களித்துக்கொண்டிருந்தது. மாரண்டஹள்ளிக்கு டிஸ்க் பிரேக் வைத்து வந்த முதல் வண்டி இதுதான். மற்ற கார்களுக்கெல்லாம் பிரேக் ஒரு மூடிய குடத்துக்குள் இருக்கும். இதில் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு வெளியில் தெரியச் சுழலும். காலிப்பர் என்கிற இடுக்கி அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தால் வண்டி நிற்கும்.

“நான் கை வெக்கவே இல்லீங்க,” என்று மாது முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிட்டார். “இன்ஜின் ஆயில் மாத்துவேன், பிளக்கு பாப்பேன். இந்தப் பிரேக்கு நமக்குப் புதுசுங்க. தொந்தரவு குடுக்கலைன்னு அப்புடியே வுட்டுட்டேன்.”

அடிபடாத வலது முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார் கிருஷ்ணப்பன். தட்டைப் பார்த்ததும் பச்சியப்பனைக் கிட்டே கூப்பிட்டார். பளபளவென்று இருக்க வேண்டிய இரும்பு, மயில் கழுத்தைப் போல நீலமும் ஊதாவுமாகப் படர்ந்திருந்தது.

“இரும்பு இந்த நிறத்துக்கு வரணும்னா பயங்கரமா சூடாகியிருக்கணும். இறக்கம் பூரா கால் பிரேக்கிலேதான் இருந்திருக்கு. அதுவரைக்கும் அவன் சொன்னது சரி.”

“கடைசி நிமிஷத்துல தூங்கியிருக்கலாமே?”

“இருக்கலாம். மேல பார்ப்போம்.”

காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் மாது இளக்கினார். காலிப்பர் கையோடு வந்தது. உள்ளேயிருந்த, தட்டை உரசிப் பிடிக்கும் பிரேக் பேடுகள் இரண்டையும் கிருஷ்ணப்பன் உருவி எடுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்தார். புதுசில் இருந்ததற்குப் பாதிதான் மிச்சம். எண்ணெய்ப் பசை இல்லை. சூட்டில் மேற்பரப்பு மட்டும் கண்ணாடி போல வழவழத்திருந்தது.

“இப்ப பேடைத் தள்ளுற பிஸ்டனை வெளிய எடுக்கணும். பச்சியப்பா, உள்ள உட்கார்ந்து பெடலை மெல்ல மிதி. மெல்ல.”

மெல்ல என்கிற வார்த்தை பச்சியப்பனுக்குப் பழக்கமில்லாதது. ஓங்கி மிதித்தார். காலிப்பர் வாயிலிருந்து பிஸ்டன் பொத்தென்று கீழே விரித்திருந்த துணியில் விழுந்தது. பின்னாலேயே பிரேக் ஆயில் பீறிட்டு, பக்கத்தில் வைத்திருந்த பீங்கான் தட்டில் பாதியும் மாதுவின் சட்டையில் பாதியுமாகத் தெறித்தது. “அய்யய்யோ, சட்டை போச்சே!” என்று மாது பின்வாங்கினார். கிருஷ்ணப்பனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. தட்டில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். புது ஆயில் வெளிறிய மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். இது டீத்தூள் கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது.

பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினார். மேல் பாதி வழவழப்பு. அடிப்பாதியில் வளையமாகத் துரு, அங்கங்கே ஊசியால் குத்தியது போல அரித்த குழிகள். காலிப்பரின் உள்ளே விரலை விட்டு வழித்தார். அடியில் செம்மண் சேறு போல வந்தது. கடைசியாக, ஆயில் ஒழுகாமல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வளையத்தைக் குச்சியால் நெம்பி எடுத்து இழுத்துப் பார்த்தார். ரப்பர் நல்ல கெட்டியாக, உப்பாமல் இருந்தது.

“மண்ணெண்ணெய்!” என்றார் பச்சியப்பன், காரிலிருந்து இறங்கிக்கொண்டே. “எவனோ பிரேக் ஆயில்ல மண்ணெண்ணெய் கலந்துட்டான்.”

“மண்ணெண்ணெய்னா இந்த ரப்பர் ஊறின கடலை மாதிரி உப்பியிருக்கும். இன்ஜின் ஆயிலுக்கும் அதே கதிதான். ரப்பருக்கு ஒண்ணும் ஆகல, இரும்பு மட்டும் துரு பிடிச்சிருக்கு. அது எதனாலன்னு நீயே சொல்லு.”

“தண்ணியா?”

“தண்ணிதான்.”

கிருஷ்ணப்பன் எழுந்து பானட்டுக்குள் குனிந்தார். பிரேக் ஆயில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில் கைக்கெட்டும் இடத்தில் நன்றாகத் தெரிந்தது. பச்சியப்பன் மிதித்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கு முன் எதுவரை இருந்தது என்பதற்குப் பாட்டிலில் கறை இருந்தது. மேல்கோட்டைத் தாண்டிக் கழுத்து வரைக்கும்.

“இதைக் கேளு பச்சியப்பா. பேடு தேயத் தேய, அந்த இடத்தை நிரப்ப பிஸ்டன் வெளிய நகர்ந்து வரும். பிஸ்டன் நகர்ந்தா பின்னாடி உண்டாகிற இடத்துக்கு ஆயில் இறங்கும். பாட்டில்ல மட்டம் குறையும். ஒழுகாட்டியும் குறையும், குறைஞ்சே ஆகணும். இங்க பேடு பாதி தேஞ்சிருக்கு. டிரைவர் ஊத்தல. மாது ஊத்தல. முதலாளிக்குப் பானட்டே திறக்கத் தெரியாது. ஆனா பாட்டில் மட்டும் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு.”

பச்சியப்பனுக்கு இப்போதுதான் உறைத்தது. “அப்ப யாரோ ஊத்தியிருக்காங்க!”

கிருஷ்ணப்பன் பாட்டிலின் மூடியைத் திறந்தார். உள்ளே சின்ன வலை வடிகட்டி இருந்தது. அதில் கடுகளவு வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தில் எடுத்து அழுத்தினார், நசுங்கியது. தீக்குச்சியைக் கிட்டே காட்டினார், உருகியது. அவர் முகம் மாறியதை மாது கவனிக்கவில்லை. பச்சியப்பன் கவனித்தார்.

“மெழுகு,” என்றார் பச்சியப்பன். “மாது, நீங்க கரண்ட் போனா மெழுகுவர்த்தி ஏத்துறவர்தானே?”

“ஏத்துவேங்க. ஆனா இந்த மூடியை நான் தெறந்ததே இல்லீங்க, சத்தியமா!”

“அவரை விடுய்யா,” என்றார் கிருஷ்ணப்பன். தர்மபுரியில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் பச்சியப்பன் பொறுக்கமாட்டாமல் “யாருன்னு தெரிஞ்சிடுச்சு உங்களுக்கு, சொல்லுங்க” என்று நச்சரித்தார். “தெரியாமலே இருந்திருக்கலாம்னு தோணுதுய்யா,” என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணப்பன் மேலே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எல்லாரும் மாதுவின் பட்டறையில் கூடினார்கள். ராஜாமணியை மண்டி டெம்போவில் உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அருள்சாமி தூரத்தில் ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான், முதலாளியை நிமிர்ந்து பார்க்கவில்லை. புஷ்பமேரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீக்கடையிலிருந்து ஸ்டவ்வும் தோசைக்கல்லும் வாங்கி வைத்திருந்தார் கிருஷ்ணப்பன்.

“தோசை சுடவா சார் என்னை இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தீங்க?” என்றார் ராஜாமணி.

“கிட்டத்தட்ட அதேதாங்க.” சூடான கல்லின்மேல் இரண்டு தகர மூடிகளை வைத்தார். ஒன்றில் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து புது பிரேக் ஆயில். இன்னொன்றில் காலிப்பரிலிருந்து பிடித்து வைத்த கலங்கல். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். புது ஆயில் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கலங்கல் மூடியிலிருந்து சடசடவென்று சத்தம் வந்தது. குமிழ்விட்டு, நுரைத்து, ஆவி கிளம்பியது. பக்கத்து மூடி அப்போதும் சும்மாவே இருந்தது.

கிருஷ்ணப்பன் ஸ்டவ்வை அணைத்தார். “பிரேக் ஆயில் லேசுல கொதிக்காது. அதுக்காகத்தான் அதை ஊத்தறோம். இந்த வண்டியில அதோட தண்ணி கலந்திருக்கு. மாரண்டஹள்ளியிலேர்ந்து பாலக்கோடு வரைக்கும் ஓட்டினா ஒண்ணும் தெரியாது. தொப்பூர் இறக்கத்துல, லாரிக்குப் பின்னாடி கால் எடுக்காம பிரேக் போட்டுக்கிட்டே வந்தா, காலிப்பர் சூடாகும், உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகும். திரவத்தை மிதிச்சா அமுங்காது, அந்த அழுத்தம் நேரா பிரேக்குக்குப் போகும். ஆவியை மிதிச்சா அமுங்கிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். அருள்சாமி சொன்னது அச்சு அசலா அதுதான்.”

“அப்ப மறுநாள் எப்புடி சார் புடிச்சுது?”

“சோத்துப்பானையை இறக்கி வெச்சா ஆவி அடங்குதில்ல? ராத்திரி பூரா வண்டி ஆறிடுச்சு. ஆவி மறுபடி தண்ணியாகிடுச்சு. இன்ஸ்பெக்டர் மிதிச்சப்ப பெடல் நின்னுது. அவர் எழுதினதும் பொய் இல்ல.”

ராஜாமணி தாடையைத் தடவினார். “சரி, பிரேக்கு போயிருக்கலாம். அதுக்காக இவன் முழிச்சுட்டுத்தான் இருந்தான்னு ஆயிடுமா?”

“அதுக்குச் சாட்சி நீங்கதாங்க. லாரியைப் பார்த்தேன்னு சொன்னீங்களே, எந்த இடத்துல?”

“எறக்கம் ஆரம்பத்துல.”

“பெடல் உள்ள போனது பாதி இறக்கத்துல. நடுவுல என்ன பார்த்தீங்க?”

“நடுவுலயா? அது வந்து...” என்று ராஜாமணி தலையைச் சொறிந்தார்.

“அப்புறம் டப்பு டப்புன்னு சத்தம். இன்னிக்குக் காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்த வண்டியோட பெடலை நானும் அடிச்சு மிதிச்சுப் பார்த்தேன். பிடிப்பு இல்லாத பெடல் தரையில போய் மோதற சத்தம் அதேதான். தூங்கறவன் பிரேக்கை அத்தனை தடவை மிதிக்கமாட்டான். அந்தச் சத்தத்துல ஒருத்தர் தூக்கம் கலைஞ்சு நிமிர்ந்தார். அது டிரைவர் இல்ல.”

ராஜாமணி தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தூங்குனது நாந்தான்டா அருளு,” என்றார்.

அருள்சாமி டயரிலிருந்து எழுந்துவிட்டான். “அப்ப நான் தூங்கலீங்க,” என்றான். கிருஷ்ணப்பனைப் பார்த்தும் அதையே சொன்னான், மாதுவைப் பார்த்தும் அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தப் பெரிய உடம்பு அப்படியே குலுங்கியது.

இங்கேயே முடித்துவிடலாம் என்றுதான் கிருஷ்ணப்பன் நினைத்தார். “தண்ணி எப்படிக் கலந்ததுன்னு நான் எழுதப்போறதில்ல. கலந்திருந்ததுன்னு மட்டும் எழுதறேன். கோர்ட்டுக்கு அது போதும்,” என்று சொல்லிப் பையை மூடினார்.

ராஜாமணி விடுகிற ஆளா? தப்பு தன்னுடையது என்று தெரிந்தபின் மனுஷனுக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. “அதெப்புடி சார்? நானும் அவனும் சாகப் பாத்தோம். தண்ணி தானா நடந்து வந்து உள்ள போச்சா? டேய் மாது, நீதானே வண்டியில கை வெக்கறவன்? ஆயிலுக்குப் பதிலா கெணத்துத் தண்ணியை ஊத்திட்டியா? நாளையிலிருந்து உன் பட்டறைக்கு எவன் வண்டி வுடறான்னு பாக்கறேன்!”

“முனியப்பன் மேல சத்தியமுங்க, நான் இல்லீங்க. அந்தப் பாட்டில்ல கெடந்த மெழுகும் என்னுது இல்லீங்க,” என்று மாது நடுநடுங்கினார்.

கிருஷ்ணப்பன் சட்டென்று திரும்பினார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவர் தலையில் விழுந்துவிட்டது. அவர் பேச வாயெடுப்பதற்குள் தூணுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நாந்தானுங்க ஊத்துனேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். புஷ்பமேரி தூணை விட்டு முன்னால் வந்தாள். “இவரு லாரி ஓட்டுனப்ப, வெளியூருக்குக் கெளம்பறப்பல்லாம் ரேடியேட்டர்ல ஒரு மூடி தீர்த்தம் ஊத்துவேங்க. இவருக்கும் தெரியும். மூணு தடவ லாரி கவுந்தும் இவருக்கு ஒரு கீறல் இல்ல. காருக்கு வந்தப்புறம், மொதலாளி வண்டி, ஒண்ணும் செய்யாதேன்னுட்டாரு. எனக்கு மனசு கேக்கல. இவரு சட்டை மாத்த உள்ள போனதும் ஊத்திருவேன். லாரி மாதிரி ரேடியேட்டர் மூடி எனக்குக் கண்ணுல படல. வெள்ள பாட்டில்ல தண்ணி மாதிரி தெரிஞ்சுது. அதுதான்னு நெனைச்சேன்.” அவள் கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். “அந்த மெழுகு என்னுதுதானுங்களே சார்?”

“ஆமாம்மா,” என்றார் அவர்.

“சேசுவே! என் கையாலயே உங்களைக் கொல்லப் பாத்துட்டேனே!” என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். மாதுதான் ஓடிவந்து, “அக்கா, வேண்டாங்க்கா, தெரியாம செஞ்சதுதானுங்க்கா” என்று கையைப் பிடித்தார். ஒரு நிமிஷம் முன்னால் அவர் பிழைப்பே போகவிருந்தது. ராஜாமணி கத்துவதற்கு மூச்சு இழுத்தார். இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டார்.

“திங்கக்கெழம நானே கோர்ட்டுக்கு வந்து சொல்லிர்றேன்,” என்றார். “தூங்குனவன் பேச்சைக் கேட்டு கேசு போட்டுட்டீங்கன்னு சொல்றேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க.”

அருள்சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தான். “அழாத புஷ்பம். எந்திரி,” என்றான். அவள் எழவில்லை. இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி, நசுங்கிய காரின் முன்னால் அழைத்துப் போனான். பானட்டை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பாட்டிலைக் காட்டினான். “இது பிரேக்கு. இதுல ஊத்தக் கூடாது.” பிறகு அவள் கையை எடுத்து, கீழே மறைவில் இருந்த வட்ட மூடியின்மேல் வைத்தான்.

“இதுதான் ரேடியேட்டரு. இனிமே இதுல ஊத்து.”

“இனிமேலா?” புஷ்பமேரி அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். “மறுபடியும் ஓட்டப் போறீங்களா?”

“ஓட்டாம என்ன பண்றது?” என்றான் அருள்சாமி. “நான் டிரைவரு, புஷ்பம்.”